மின்சாரக் குதிரையும் அதன் சேணமும்

மின்சார மோட்டார் வண்டி நேற்றுப் பிறந்த குழந்தை என்று நேயர்களில் பலர் எண்ணியிருக்கக் கூடும். உண்மை அப்படியன்று. பூமியின்மேல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன் முதலில் தாண்டிய மோட்டார் வண்டி மின்சார வண்டியே. 1899-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், பாரிஸுக்கு அருகிலுள்ள ஆஷேர் என்னுமிடத்தில், காமில் ஜெனட்ஸி என்னும் பெல்ஜியக்காரர் துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவமுள்ள ஒரு வண்டியில் ஏறிக்கொண்டு 105.88 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தார். அந்த வண்டிக்கு அவர் இட்ட பிரெஞ்சுப் பெயருக்கு 'என்றும் திருப்தியடையாதவள்' என்று அர்த்தம். மறு வருஷம் பாரிஸ் மாநகரில் நடந்த உலகக் கண்காட்சியிலே, சக்கரத்துக்குள்ளேயே மின்சார மோட்டாரை வைத்துக் கட்டிய வேறொரு வண்டி ஜனங்களின் கண்ணைக் கவர்ந்தது. அதைக் கட்டியவர் வியன்னாவில் லோனர் கம்பெனியில் வேலை பார்த்துவந்த 24 வயது வாலிபர். அவருடைய பெயர் பெர்டினாண்ட் போர்ஷே.

பிறகு பெட்ரோல் வந்தது. மின்சார வண்டி மூலையில் ஒதுங்கியது. போர்ஷேயின் பெயரைத் தாங்கி 1948-ஆம் வருஷத்தில் புறப்பட்ட பந்தய வண்டிகளும் பெட்ரோலைக் குடித்து உறுமிக் கொண்டுதான் உலகத்தைச் சுற்றின. அந்தக் கம்பெனி தன் முதல் முழு மின்சார ஸெடானை வெளியிட்டது 2019-ஆம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி. ஒரே நாளில் மூன்று கண்டங்களில் அந்த வைபவம் நடந்தது. நயாகரா நீர்வீழ்ச்சியின் அருகில் ஒன்று. பெர்லினுக்கு அடுத்த நாய்ஹார்டன்பெர்க் என்னும் ஊரில், சூரிய வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தோட்டத்தில் ஒன்று. சீனாவின் பிங்டான் தீவில், காற்றாலைகளுக்கு நடுவே ஒன்று. நீர், சூரியன், காற்று ஆகிய மூன்றையும் சாட்சியாக வைத்து வண்டிக்குப் பெயர் சூட்டினார்களென்று சொல்லலாம். ஆனால் 'டைகான்' என்ற பெயரை முந்தின வருஷமே அறிவித்துவிட்டார்கள். துள்ளும் இளங்குதிரை என்பது அதன் பொருளாம்.

குதிரை வந்தால் கூடவே சேணமும் வரவேண்டும் அல்லவா? டைகானுடைய விலை ஜாப்தாவை எடுத்துப் பார்த்தால், குதிரையைக் காட்டிலும் சேணத்தைப் பற்றிய பக்கங்களே அதிகமாயிருக்கும். சக்கரத்துக்கு ஒரு தினுசு, பிரேக்குக்கு ஒரு தினுசு, கூரைக்கு ஒரு தினுசு, ஆசனத்துக்கு ஒரு தினுசு, வண்டி எழுப்பும் ஓசைக்குக்கூட ஒரு தினுசு! ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. இவற்றுள் எது பொருள், எது பகட்டு என்று பிரித்துப் பார்ப்பதே நமது உத்தேசம். கோடி ரூபாய் வண்டியைப் பற்றி நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். இன்றைக்குப் பணக்காரர் வண்டியில் தனிக் காசுக்கு விற்கும் சாமான் நாளைக்கு நமது வண்டியில் வந்து உட்காருவது வழக்கம். அதோடு கூட, அதை விற்கும் தந்திரமும் நம்மிடம் வந்து சேரும்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். 'டர்போ எஸ்' என்னும் உயர்ந்த ரகம், நின்ற இடத்திலிருந்து 2.8 விநாடியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்று 2019-ல் கம்பெனியார் அறிவித்தார்கள். 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று நாம் எண்ணி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். கேட்பதற்குப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. வண்டியின் எடை 2,295 கிலோ. இந்தப் பாரத்தை 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டு போக எவ்வளவு மின்சாரம் வேண்டும்? நமது வீட்டு மீட்டர் கணக்கில் சொன்னால், கால் யூனிட்! வழியில் வீணாவதைச் சேர்த்தாலும் இரண்டு மூன்று ரூபாய்க்கு மேல் போகாது. இட்டிலி மாவு அரைத்துக் குளிப்பதற்கு வெந்நீரும் போட்டால் அதைவிட அதிகம் செலவாகும்.

சிரமமெல்லாம் அந்தக் கால் யூனிட்டை மூன்று விநாடிக்குள் கொட்டுவதில்தான் இருக்கிறது. டர்போ எஸ் தன் முழு வலிமையையும் காட்டும்போது 560 கிலோவாட் சக்தி பாய்கிறது. ஒரு கிலோவாட் இஸ்திரிப் பெட்டிகள் 560-ஐ ஒரே சமயத்தில் போடுவதற்கு அது சமானம். பெட்ரோல் யந்திரம் சுழன்று வேகம் பிடித்த பிறகுதான் தன் முழு பலத்தைக் கொடுக்கும். ஆகவே அதற்குக் கியர்கள் பல வேண்டும். மின்சார மோட்டாரோ சுழலத் தொடங்கும் முன்னமே முழு முறுக்கோடு இழுக்கும். பாட்டரியும் கம்பியும் தாங்கினால் போதும், வேகம் தானாக வரும்.

தாங்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் உண்டு. டெஸ்லா கம்பெனியார் 2015-ஆம் வருஷத்தில் தங்களுடைய 'மாடல் எஸ்' ஸெடானுக்கு 'நகைப்புக்கிடமான வேகம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு விசேஷச் சேர்க்கையை விற்றார்கள். அதன் விலை 10,000 டாலர். அந்தப் பணத்துக்கு உள்ளே என்ன வைத்தார்கள் தெரியுமா? முக்கியமாக ஒரு புதிய பியூஸ்! பாட்டரியிலிருந்து 1,300 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் எடுத்தால் பழைய பியூஸ் தாங்காது. 1,500 ஆம்பியர் வரையில் சரியான தருணத்தில் மட்டும் அறுந்து விழுகிற புத்திசாலிப் பியூஸ் ஒன்றும், கடுஞ்சூட்டைத் தாங்கும் உலோகத்தாலான ஓர் இணைப்பும் வைத்தார்கள். மோட்டாரில் அந்த வலிமை முன்னமே இருந்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பியூஸ் கட்டையை இனிமேல் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டியதுதான்.

ஆகவே மின்சார வண்டியில் வேகம் மலிவு. ஒரு தடவை பறந்து காட்டுவது கடினமே அல்ல. அதே வேகத்தைப் பத்தாவது தடவையும் இருபதாவது தடவையும் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. பலமாக மின்சாரம் பாய்ந்தால் பாட்டரி கொதிக்கும். கொதித்தால் வண்டி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். முந்தைய மின்சார வண்டிகள் பலவற்றுக்கு இந்த வியாதி இருந்தது. முதல் ஓட்டத்தில் சூரப்புலி, மூன்றாவது ஓட்டத்தில் சோம்பேறி! டைகானைக் கட்டியவர்கள் இங்கேதான் தங்கள் மூளையைச் செலவழித்தார்கள். 2019-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் லார் என்னும் ஊரின் விமானத் தளத்தில் ஒரு டைகானை நிறுத்தி, 200 கிலோமீட்டர் வேகத்துக்கு 26 தடவை அடுத்தடுத்து விரட்டினார்கள். எல்லாவற்றிலும் விரைவான ஓட்டத்துக்கும் எல்லாவற்றிலும் மெதுவான ஓட்டத்துக்கும் இடையிலிருந்த வித்தியாசம் 0.8 விநாடி. நமது அபிப்பிராயத்தில், 2.8 விநாடி என்னும் விளம்பரத்தை விட இந்த 0.8 விநாடியே மெச்சத் தக்கது.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த உபாயம் 800 வோல்ட். மற்ற மின்சார வண்டிகள் பெரும்பாலும் 400 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அழுத்தம் இரட்டிப்பானால், அதே சக்திக்கு ஓடவேண்டிய மின்சாரம் பாதியாகும். மின்சாரம் பாதியானால் கம்பியில் உண்டாகும் சூடு கால் பங்காகும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் கற்கும் கணக்குத்தான் இது. கம்பி மெலிந்தது, எடை குறைந்தது, பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் நேரமும் சுருங்கியது. தகுந்த மின் நிலையத்தில், பாட்டரி தகுந்த சூட்டில் இருந்தால், நூற்றுக்கு 5 பங்கிலிருந்து 80 பங்கு வரையில் ஏற்ற 22.5 நிமிஷம் போதும் என்றார்கள். வழியில் காபி சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் குதிரையும் கொள்ளு தின்று முடித்திருக்கும்.

ஆனால் இந்த இடத்தில் ஜாப்தாவின் குறும்பைக் கவனியுங்கள். பழைய 400 வோல்ட் நிலையத்தில் டைகானைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? அழுத்தத்தை உயர்த்த வண்டிக்குள்ளேயே ஒரு கருவி வேண்டும். ஆரம்பத்தில் எல்லா வண்டிக்கும் சாதாரணமாகக் கொடுத்த கருவி 50 கிலோவாட் மாத்திரமே ஏற்றும். 150 கிலோவாட் ஏற்றும் கருவி வேண்டுமென்றால் தனிக் காசு! நெடுந்தூரப் பிரயாணம் செய்கிறவருக்கு இது ஒன்றரை மணிக்கும் அரை மணிக்கும் உள்ள பேதம். இப்படிப்பட்ட சாமான் ஜாப்தாவின் ஏதோ ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத வரியில் கிடக்கும். பளபளக்கும் சக்கரங்களோ பக்கம் முழுவதும் படமாக மினுக்கும்.

பிரேக்கின் கதையும் ருசிகரமானது. வண்டி வேகமாகச் செல்லும்போது அதற்குள் இருக்கும் கால் யூனிட் மின்சாரத்தை, நிறுத்தும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறித் திரும்பப் பாட்டரிக்குள் தள்ளிவிடும். தினசரி ஓட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 90 தடவை பிரேக் கட்டைகளைத் தொடாமலே வண்டியை நிறுத்த முடியும் என்பது கம்பெனியாரின் கணக்கு. அப்படியிருக்க, ஜாப்தாவிலே பீங்கான் கலந்த விலையுயர்ந்த பிரேக் வட்டுகளும் இருக்கின்றன. பந்தயக் களத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து மறுபடியும் மறுபடியும் நிறுத்துகிறவருக்கு அவை அவசியமே. கடைத்தெருவுக்கும் ஆபீஸுக்கும் போய் வருகிறவருக்கோ, பத்தில் ஒன்பது தடவை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் நகை அது.

நகை என்றதும் ஓசையின் ஞாபகம் வருகிறது. மின்சார மோட்டாருக்குக் குரல் கிடையாது. இந்த மௌனமே பெரிய பாக்கியம் என்று நாம் நினைக்கிறோம். பந்தய வண்டி ரஸிகர்கள் அப்படி நினைக்கவில்லை. ஆகவே, மோட்டாரின் இயற்கையான மெல்லிய ஒலியைப் பெருக்கி, அலங்கரித்து, உள்ளேயும் வெளியேயும் ஒலிபெருக்கியில் விடும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். ஆரம்பத்தில் அமெரிக்காவில் டர்போ ரகத்துக்கு இதன் விலை 500 டாலராக இருந்தது. இதிலே இன்னொரு வேடிக்கை. ஐரோப்பாவில் 2021-ஆம் வருஷம் ஜூலை முதல், புதிய மின்சார வண்டி ஒவ்வொன்றும் மெதுவாகப் போகும்போது ஏதாவது ஒரு சத்தம் எழுப்பியே தீரவேண்டும் என்பது சட்டம். கண் தெரியாதவர்களும் குழந்தைகளும் வண்டி வருவதை அறிய வேண்டும் அல்லவா? பிறர் உயிருக்காக எழுப்பும் சத்தம் வண்டியோடு இனாமாக வருகிறது; சொந்தப் பெருமைக்காக எழுப்பும் சத்தத்துக்குத்தான் 500 டாலர்.

'டர்போ' என்ற பெயரும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பெட்ரோல் யந்திரத்தின் புகை வெளியேறும் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, யந்திரத்துக்குள் காற்றை அடைத்து ஊட்டும் கருவிக்கு அந்தப் பெயர். டைகானில் புகையுமில்லை, விசிறியுமில்லை, பெட்ரோலுமில்லை. பெயர் மட்டும் பாட்டனார் சொத்தாக வந்து சேர்ந்துவிட்டது.

இனி குடும்பஸ்தர்கள் கேட்கும் கேள்விகளுக்கு வருவோம். பாட்டரி தரைக்கு அடியில் பாய் விரித்தாற்போல் படுத்திருக்கிறது. பெரிய பாட்டரியின் எடை மட்டும் 630 கிலோ. தரை உயர்ந்தால் பின் ஆசனத்தில் உட்காருகிறவரின் முழங்கால் மார்பை இடிக்கும். இதைத் தவிர்க்க, பின்னால் இருப்பவர்கள் கால் வைக்கும் இடத்தில் பாட்டரியையே பள்ளமாக வெட்டி அமைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான குதிரை சக்தியைப் பற்றிப் பேசும் பத்திரிகைகள் இந்தப் பள்ளத்தைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. வண்டியில் பாட்டியை அழைத்துக்கொண்டு போகிறவருக்கு இதுவல்லவா பெரிய விசேஷம்? பின்னால் சாதாரணமாக இரண்டு பேருக்கே இடம். மூன்றாவது ஆள் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டுமானால், அதற்கும் ஜாப்தாவில் தனி வரி உண்டு. தோல் வேண்டாமென்பவர்களுக்குத் தோலில்லாத உள் அலங்காரம் கிடைக்கிறது. அதில் தரை விரிப்பின் நூல், பழைய மீன்பிடி வலைகளையும் மற்றக் கழிவுகளையும் உருக்கி நூற்றது.

ஒரு தடவை ஏற்றினால் எவ்வளவு தூரம் போகும்? இங்கே கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். 2019-ல் வந்த டர்போ ரகத்துக்கு ஐரோப்பிய அளவைப்படி 381 முதல் 450 கிலோமீட்டர். அதே வண்டிக்கு அமெரிக்க அரசாங்கத்தின் அளவைப்படி 201 மைல், அதாவது சுமார் 323 கிலோமீட்டர். வண்டி ஒன்று, பாட்டரி ஒன்று, முழம் மட்டும் வேறு! ஐரோப்பிய அளவிலேயே 381-க்கும் 450-க்கும் இடையே உள்ள பெரிய இடைவெளியைக் கவனியுங்கள். அதில் பெரும் பங்கு சேணத்தின் வேலை. அகலமான பெரிய சக்கரம், கூடுதல் எடையுள்ள சாமான்கள் இவையெல்லாம் தூரத்தைத் தின்கின்றன. காசு கொடுத்துத் தூரத்தைக் குறைத்துக்கொள்வது என்பது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்குத்தான்.

இதுவரையில் சொன்னவை வாங்கினால் வரும், வாங்காவிட்டால் வராது. நமக்கு அதிகமாகக் கவலையளிப்பது வேறொரு ஜாதிச் சேர்க்கை. சாமான் வண்டிக்குள்ளேயே இருக்கும், ஆனால் பூட்டியிருக்கும், காசு கொடுத்தால்தான் திறப்பார்கள். டெஸ்லா கம்பெனியார் 2016-ஆம் வருஷத்தில் 60 யூனிட் பாட்டரி என்று சொல்லி ஒரு மாடல் எஸ் வண்டியைக் குறைந்த விலைக்கு விற்றார்கள். உண்மையில் உள்ளே வைத்திருந்தது 75 யூனிட் பாட்டரி. மிச்சம் 15 யூனிட்டைக் கணிப்பொறிப் பூட்டுப் போட்டு அடைத்திருந்தார்கள். பின்னால் பணம் கட்டினால், கம்பெனியார் இருந்த இடத்திலிருந்தே பூட்டைத் திறப்பார்கள். 2017-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் இர்மா என்னும் பெரும்புயல் அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தை நோக்கி வந்தது. ஜனங்கள் வீடு வாசலை விட்டு ஓடவேண்டிய சமயம். ஒரு வண்டிக்காரர் கேட்டுக்கொண்டதன் பேரில், அந்தப் பிரதேசத்திலிருந்த அத்தகைய வண்டிகளின் பூட்டுகளைக் கம்பெனியார் தற்காலிகமாகத் திறந்துவிட்டார்கள். நல்ல காரியந்தான், சந்தேகமில்லை. ஆனால் அன்று காலையில் விழித்தெழுந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கியிருக்கும்: இத்தனை நாளும் நமது வீட்டு முற்றத்தில் நின்றது நமது பாட்டரிதான்; சாவி மட்டும் வேறு ஒருவரிடம் இருந்தது. அந்த உபரிப் பாரத்தை இழுத்துக்கொண்டு ஓடியதும் நமது செலவில்தான்.

போர்ஷே கம்பெனியாரும் இந்த வழியில் கொஞ்ச தூரம் நடந்தார்கள். 2020-ஆம் வருஷத்து இறுதியில், டைகானின் சில செய்கைகளை வண்டி வாங்கிய பிறகும் விலைக்கு வாங்கலாம் என்றும், சிலவற்றை மாத வாடகைக்கே எடுக்கலாம் என்றும் ஏற்பாடு செய்தார்கள். வேகத்துக்குத் தக்கபடி ஸ்டீரிங்கை இலேசாக்கும் வசதியும், ஊர் போய்ச் சேரும் நேரத்தைக் கணக்கிட்டு வேகத்தைச் சொல்லித்தரும் வசதியும் இவற்றுள் அடங்கும். தேவையானபோது மட்டும் காசு கொடுப்பது சிக்கனமல்லவா என்று கேட்கலாம். வாஸ்தவந்தான். ஆனாலும் கையிரண்டாகக் கைமாறும் வண்டியில் எந்தப் பூட்டு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதை வாங்குகிறவர் எழுத்து மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

இந்தக் குதிரைக்கு நோய் நொடியும் இல்லாமல் போகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இழுவை நின்றுவிடக் கூடும் என்ற கணிப்பொறிக் குறைக்காக 2021-ஆம் வருஷம் ஜூலையில் சுமார் 43,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2024-ஆம் வருஷத்தில், முன் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் எண்ணெய்க் குழாய் வெடிப்பு விடலாம் என்று, அதுவரை விற்ற டைகான்கள் அனைத்தையும் அழைத்தார்கள். பீங்கான் பிரேக்குக்குப் பணத்தைக் கொட்டியவருக்கும் கொட்டாதவருக்கும் ஒரே ரப்பர்க் குழாய்! 2023-ல் உலக முழுவதும் 40,629 டைகான்கள் கைமாறின, 2024-ல் 20,836. புதிய ரகம் வருமென்று காத்திருந்தவர்களும் இருப்பார்கள். மின்சார வண்டியின் மேல் மோகம் தணிந்தவர்களும் இருப்பார்கள்.

2024-ல் வந்த அந்தப் புதிய ரகம் நல்ல முன்னேற்றமே என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய பாட்டரி 93.4 யூனிட்டிலிருந்து 105 யூனிட்டாகியது. நூற்றுக்கு 10-லிருந்து 80 வரை ஏற்ற 18 நிமிஷம் போதும் என்றார்கள். டர்போ எஸ் 2.4 விநாடியில் 100 கிலோமீட்டரை எட்டியது.

இந்த ஜாப்தாவை நமது கையில் கொடுத்து, பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாமென்றும் ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டால் நாம் எதைக் குறிப்போம்? பெரிய பாட்டரி. இருப்பதற்குள் சிறிய சக்கரம். பின்னால் மூன்றாவது ஆசனம். பழைய நிலையத்திலும் விரைவாக ஏற்றும் கருவி. ஓசைக்கு எதிரே கோடு போட்டு அடித்துவிடுவோம். பீங்கான் வட்டுக்கும் அப்படியே.

ஜாப்தாவின் கடைசிப் பக்கத்துக்கு அதற்கப்புறம் நாம் போவதில்லை. அங்கே 'டர்போ ஜிடி' என்ற 2024-ஆம் வருஷத்து ராஜகுமாரன் இருக்கிறான். அவனுக்கு வைஸாக் என்ற பெயரில் ஒரு விசேஷச் சேணம் பூட்டினால், 2.2 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகம். பாரத்தைக் குறைப்பதற்காக, அந்தச் சேணத்தோடு பின் ஆசனங்களை அடியோடு எடுத்துவிடுகிறார்கள். நாலு கதவு இருக்கிறது. பின் கதவைத் திறந்தால் உட்கார இடமில்லை. பாட்டியின் காலுக்காக வெட்டிய பள்ளம் என்ன ஆயிற்று என்று கேட்க அங்கே பாட்டியுமில்லை.